கண்டிக் கிறிஸ்தவரும் யோசேப் வாஸ் முனிவரும்

கண்டியிலிருந்து கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கில் தெல்தெனிய என்னும் ஊர் இருக்கின்றது. 1980ஆம் ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய பட்டினம் நீருக்குள் மறைந்தது. மேட்டு நிலத்திற் புதிய ஊர் எழுந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் சிதைவுகள் வெளியே தோன்றுவதுண்டு. அணை கட்டியதனால் மூழ்கிய ஊர் அது. அணையேதுமின்றி, அசட்டையினாலேயே ஒரு சமய வாழ்வு மூழ்கவிருந்த வரலாறும் இம்மலைநாட்டில் உண்டு. அதனையே நேயர்களுக்கு இன்று கூற விரும்புகின்றேன்.

கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பது குற்றமாயிற்று. கரைநாட்டுக் கத்தோலிக்கர் பலர் ஒல்லாந்தர் கோயிலிற் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு செபமாலை சொன்னார்கள். பதியாவிட்டால் விவாகமும் முதுசமும் செல்லாமற் போய்விடுமே என்ற அச்சம் அவர்களுக்கு.

கண்டி இராச்சியத்தின் நிலைமை வேறு. போர்களிற் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் சந்ததியாரும், ஒல்லாந்தருக்கு அஞ்சி மலையேறியவர்களும் அங்கே வாழ்ந்தனர். கரைநாட்டில் இருந்த தடை அவர்களுக்கு இல்லை. ஆயினும் பல்லாண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரில்லை, பக்தி தளர்ந்துபோயிற்று. துன்பமே சமயத்தை அழிக்கும் என்பர். கண்டியில் அதனை அழிக்க முற்பட்டது சௌகரியமே என்று எனக்குத் தோன்றுகின்றது.

இந்த நிலையிலேதான் யோசேப் வாஸ் முனிவர் வந்தார். 1651இற் கோவாவிற் பிறந்த அவர், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கையில் இறங்கினார். யாழ்ப்பாணத்திற் கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார்; அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையில் இருந்து பணி புரிந்து, பின்னர் புத்தளம் சென்று, 1692இற் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று பழி சுமத்தப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

காவலிற் கிடந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் வளவுக்குள்ளேயே ஒரு கொட்டில் அமைத்துப் பூசை நிறைவேற்றினார். ஊர்க் கிறிஸ்தவர் முதலில் அஞ்சி ஒதுங்கி, பின்னர் ஒவ்வொருவராக வந்தனர். மழையின்றி நாடு வாடியபோது அவர் செபித்ததனால் மழை பொழிந்ததென்றும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு விடுதலை அளித்தானென்றும் அவருடைய சரித்திரம் எழுதியோர் கூறுவர். அந்த மழையைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். நானோ 1697ஆம் ஆண்டைப் பெரிதாக மதிக்கின்றேன்.

அவ்வாண்டு கண்டியில் வைசூரி பரவிற்று. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டகன்றனர். நோயாளரை உறவினரே கைவிட்டனர். முனிவரும் அவருடைய மருமகனான யோசேப் கார்வால்யோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். மதம் பாராது வீடு வீடாகச் சென்று புண் கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். ஒருநாள் இருநாளன்று, மாதக்கணக்காக! புதுமையைக் கண்டு வியந்த நகரம் இந்தப் பணிவிடையைக் கண்டபின்னரே அவரை நம்பிற்று என்பது என் கருத்து.

குரு ஓரூரை விட்டு நீங்கியவுடன் மக்கள் மறுபடியும் அயர்ந்துவிடுவரென்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிறுதோறும் சனங்களைக் கூட்டிச் செபஞ் சொல்லுவிப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், நோயாளரைச் சந்திப்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் கடமை. குரு வரும்வரை காத்திருக்கலாம் என்ற சாட்டு இதனால் ஒழிந்தது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், இவர்கள் வாசிப்பதற்கேற்ற நூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார்.

1711 ஜனவரி 16ஆந் திகதி, கண்டியில் முனிவர் மரித்தார். கடைசி மொழி கேட்டு நின்றோரிடம், வாழ்நாளெல்லாம் அசட்டை செய்ததை மரணவேளையில் எளிதிற் செய்ய இயலாதென்று அவர் சொன்னார். வைசூரிக்கு அஞ்சாதவர் இதற்கு அஞ்சினார். 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்புக் காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை அடக்கஞ் செய்த இடம் கண்டியில் எங்கேயென்று எவரும் திட்டமாகக் காட்ட முடியவில்லை.