குழந்தைகள் ராட்டினத்தை ஓட்டுபவர் - ஒரு வேலையின் வரலாறு

பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் வந்த குழந்தையிடம் கேட்டால் குதிரையைச் சொல்லும், விளக்குகளைச் சொல்லும், பாட்டைச் சொல்லும். ராட்டினத்தை ஓட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. பெற்றோருக்கும் அவர் முகம் நினைவிருக்காது. ஆனால் அந்த மூன்று நிமிடமும் குழந்தையின் உயிர் அவர் கையில்தான் இருந்தது. இந்த வேலை எப்படி வந்தது, எப்படி மாறியது, ஒரு காலத்தில் இதன் வழியாக என்னென்ன அநியாயம் நடந்தது என்பதைப் பார்ப்போம்.

தள்ளுகிறவர்

குதிரை ராட்டினம் முதலில் குழந்தைகளுக்கானதே அல்ல. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, தன் மகன் பிறந்ததைக் கொண்டாட 1662-ல் பாரிஸில் பெரிய குதிரை விளையாட்டு விழா ஒன்றை நடத்தினார். அந்த விழாவின் பெயர்தான் கரூசல். அது நடந்த இடத்துக்கு இன்றும் அதே பெயர் இருக்கிறது. பாய்ந்து வரும் குதிரையிலிருந்து ஈட்டியால் வளையத்தைக் குத்தி எடுப்பது இத்தகைய விழாக்களில் ஒரு போட்டி. அதற்குப் பழகுவதற்காக, சுற்றும் சட்டத்தில் மரக்குதிரைகளைப் பொருத்தினார்கள். வீரர்களின் பயிற்சிக் கருவி மெல்ல மெல்லச் சந்தைகளில் விளையாட்டுப் பொருளாகிவிட்டது.

அப்போது மோட்டார் ஏது? ஆளோ, நிஜக் குதிரையோ, கழுதையோதான் சுற்ற வேண்டும். நம் ஊர்த் திருவிழாக்களில் கையால் சுற்றும் குடை ராட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தள்ளுகிறவரின் தோள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வேகம். எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் அதே தோள்தான் முடிவு செய்தது. ஆகவே அந்தக் காலத்து ராட்டினங்கள் சிறியவை, இலேசானவை.

நீராவி வந்தது

1860-களில் இங்கிலாந்தில் ராட்டினத்துக்கு நீராவி இயந்திரம் வந்து சேர்ந்தது. கிங்ஸ் லின் என்ற ஊரில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் சாவேஜ் இதில் பெரிய பெயர் எடுத்தார். ராட்டினத்தின் நடுவிலேயே இயந்திரத்தை வைத்தார். அதன் பலத்தில் மூன்று நான்கு வரிசைக் குதிரைகள் சுற்றின. பிறகு குதிரைகள் மேலும் கீழும் எழும்பித் தாழவும் ஆரம்பித்தன.

இதனால் வேலையின் தன்மையே மாறிப்போனது. தள்ளுகிறவருக்குப் பதிலாக இயந்திரம் தெரிந்தவர் தேவைப்பட்டார். நெருப்பு, கொதிகலன், அழுத்தம், சுற்றும் பல்சக்கரங்கள்... அதற்குச் சில அடி தூரத்தில் குழந்தைகள்! கையால் தள்ளும் ராட்டினத்தில் ஒரு குழந்தை நழுவினால் தள்ளுகிறவருக்கு உடனே தெரியும், நிறுத்திவிடுவார். இயந்திரத்துக்குத் தெரியாது. 'பார்த்துக்கொண்டே இருப்பது' என்பது ஒரு தனி வேலையானது அப்போதுதான்.

அமெரிக்காவில்

ஜெர்மனியிலிருந்து குடியேறிய குஸ்தாவ் டென்ட்சல் 1860-களில் பிலடெல்பியாவில் ராட்டினத் தொழிலைத் தொடங்கினார். 1876-ல் நியூயார்க்கின் கோனி தீவில் முதல் ராட்டினத்தை சார்லஸ் லூஃப் அமைத்தார். ஸ்காட்லாந்தில் பிறந்த ஆலன் ஹெர்ஷல், நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டாவில் ராட்டினத் தொழிற்சாலை நடத்தினார். சின்னக் குழந்தைகளுக்கென்றே சிறிய ராட்டினங்களைத் தயாரித்ததில் அவர் பெயரில் இயங்கிய நிறுவனத்துக்கு முக்கிய இடம் உண்டு. குழந்தைகளுக்கு மட்டுமான பூங்காக்களும் வந்தன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1925-லேயே அப்படி ஒன்று தொடங்கப்பட்டது.

ஒரு சுவையான தகவல்: இங்கிலாந்து ராட்டினங்கள் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அமெரிக்க ராட்டினங்கள் எதிர்த்திசையில் சுற்றும். அங்கே வெளிவரிசையில் இருப்பவர்கள் வலது கையை நீட்டி ஒரு வளையத்தைப் பிடுங்குவார்கள். பித்தளை வளையம் கிடைத்தவருக்கு அடுத்த சுற்று இலவசம். வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணில் படுவது குதிரையின் வலப்பக்கம் என்பதால் அமெரிக்கச் சிற்பிகள் அந்தப் பக்கத்தில்தான் அலங்காரத்தைக் கொட்டினார்கள்.

ஓட்டுபவரின் வேலை என்ன? ஏறுபவர்களை எண்ண வேண்டும். சின்னக் குழந்தையை நிற்கும் குதிரையிலோ இருக்கையிலோ உட்கார வைக்க வேண்டும், வாரைப் பூட்ட வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவரை நிற்கச் சொல்ல வேண்டும். மணியடித்துவிட்டு மெதுவாக ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். சுற்றும் மேடையில் மையத்தைவிட விளிம்பு வேகமாக நகரும். பாதியில் அழுது இறங்கப் பார்க்கும் குழந்தை வெளிவரிசையில் இருந்தால் ஆபத்து அதிகம். அதை முன்கூட்டியே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்தான் நல்ல ஆபரேட்டர். இதையெல்லாம் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது முறை, ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்!

கதவைத் திறப்பதும் அடைப்பதும்

இந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற முதலாளியின் உத்தரவு, கடைசியில் ராட்டினத்தின் வாசலில்தான் நிறைவேறுகிறது. உயரம் போதாது என்று ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்புவது பாதுகாப்பு. நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புவது?

அமெரிக்காவில் பல பூங்காக்கள் கறுப்பினத்தவரை அனுமதிக்காமலே பல ஆண்டுகள் நடந்தன. வாஷிங்டன் நகருக்கு அருகில், மேரிலாந்து மாநிலத்தில் இருந்த கிளென் எக்கோ பூங்கா அவற்றில் ஒன்று. டென்ட்சல் நிறுவனம் செய்த அழகான ராட்டினம் அங்கே 1921-ல் நிறுவப்பட்டது. 40 குதிரைகள், 4 முயல்கள், 4 நெருப்புக்கோழிகள், ஒட்டகச்சிவிங்கி, மான், சிங்கம், புலி என 52 மர உருவங்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே அவற்றில் ஏறினார்கள்.

1960 ஜூன் 30 அன்று, ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகள். அவர்களில் ஐந்து பேர் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். கையில் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தது. நண்பர்கள் வாங்கிக் கொடுத்தவை. காவலர் வந்தார். கறுப்பினத்தவருக்கு இங்கே இடமில்லை என்பது பூங்காவின் கொள்கை, ஐந்து நிமிடத்தில் வெளியேறுங்கள் என்றார். அவர்கள் இறங்கவில்லை. அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லி ஐவரும் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான குவெண்டலின் கிரீன், பிற்காலத்தில் குவெண்டலின் பிரிட் என்ற பெயரில் மேரிலாந்து மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் கோடை முழுவதும் பூங்கா வாசலில் மறியல் நடந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்த வெள்ளையர்கள் பலரும் மாணவர்களோடு சேர்ந்து நின்றார்கள். 1961-ல் பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காவலர் பூங்காவிடம் சம்பளம் வாங்கியவர்தான். ஆனால் பூங்கா கேட்டுக்கொண்டதன்பேரில் அவருக்கு மாவட்ட ஷெரீஃபின் துணை அதிகாரி என்ற அரசு அதிகாரமும் தரப்பட்டிருந்தது. அந்த அதிகாரத்தைக் காட்டித்தான் கைது செய்தார். ஆகவே இது தனியார் விவகாரம் அல்ல, அரசே செய்த பாகுபாடு என்று 1964-ல் நீதிமன்றம் சொல்லி, தண்டனைகளை ரத்து செய்தது. 'நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், முதலாளி சொன்னதைச் செய்தேன்' என்ற பதில் எல்லா இடத்திலும் செல்லாது என்பதை இந்த வழக்கைப் படிப்பவர்கள் புரிந்துகொள்ளலாம்.

பால்டிமோர் அருகில் இருந்த க்வின் ஓக் பூங்காவில் போராட்டம் இன்னும் நீண்டது. 1963 ஜூலையில் நடந்த மறியல்களில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களில் பல மதகுருமார்களும் உண்டு. கடைசியில் ஆகஸ்ட் 28 அன்று பூங்கா எல்லோருக்கும் திறந்தது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்திய அதே நாள்! அன்று ராட்டினத்தில் ஏறிய முதல் கறுப்பினக் குழந்தை ஷேரன் லாங்லி. வயது 11 மாதம். அப்பா பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார். 1972-ல் வந்த புயலுக்குப் பிறகு அந்தப் பூங்கா மூடப்பட்டது. ராட்டினம் மட்டும் 1981-ல் வாஷிங்டனின் நேஷனல் மாலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பல வருடம் கழித்து, 2020-ல், ஷேரன் லாங்லி அந்த நாளைப் பற்றிக் குழந்தைகளுக்காக ஒரு புத்தகமும் எழுதினார், இன்னொருவருடன் சேர்ந்து.

டிஸ்னியும் சம்பளமும்

1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. தன் மகள்கள் ராட்டினத்தில் சுற்றும்போது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த யோசனை வந்தது என்று வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். வருபவர் வாடிக்கையாளர் அல்ல, விருந்தாளி. வேலை செய்பவர் தொழிலாளி அல்ல, நாடகக் குழுவின் நடிகர் என்று அங்கே பெயர்களை மாற்றினார்கள். வேலைக்குச் சேருபவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தார்கள். அழுக்கு உடையில் சிகரெட்டோடு நின்ற சந்தை ராட்டினக்காரர் போய், இஸ்திரி போட்ட சீருடையும் புன்சிரிப்பும் வந்தன. இயந்திரத்தை ஓட்டுவதோடு, சிரிப்பதும் வேலையில் சேர்ந்துகொண்டது.

சம்பளம்? அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. வருடத்தில் 7 மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்குப் பூங்காக்கள், மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேரக் கூலியையும் தர வேண்டிய கட்டாயமில்லை. மாநிலச் சட்டம் காப்பாற்றினால் உண்டு. பாதுகாப்பிலும் இதே கதைதான். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் பூங்காக்களின் ராட்டினங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து 1981-ல் விலக்கிவிட்டார்கள். ஊர் ஊராகப் போகும் ராட்டினங்கள் மட்டும் அதன் கீழ் இருக்கின்றன. மற்றவற்றை மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடை விடுமுறையில் இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பகுதி மாணவர்கள். சில நாள் பயிற்சி, குறைந்த கூலி, வெயிலில் நின்றபடி நாள் முழுக்க வேலை. பூங்காவின் வரவு செலவில் அவர்கள் மலிவான செலவினம். ஆனால் கோடிக்கணக்கில் முதலீடு செய்த அந்த இயந்திரத்தை நம்பி ஒரு தாய் தன் குழந்தையை விடுவது அந்தப் பையனையோ பெண்ணையோ பார்த்துத்தான்.

கிளென் எக்கோவில் மற்ற ராட்டினங்களெல்லாம் போய்விட்டன; பூங்கா 1968 பருவத்தோடு நின்றது. டென்ட்சல் ராட்டினத்தை விற்கப் பார்த்தபோது அப்பகுதி மக்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். 2021-ல் அதற்கு நூறு வயது நிறைந்தது. ஐந்து மாணவர்கள் இறங்க மறுத்த அதே மேடையில் எல்லா நிறக் குழந்தைகளும் ஏறுகிறார்கள். அவர்களை ஏற்றி விடுபவர் தலைகளை எண்ணுகிறார், வாரைச் சரிபார்க்கிறார், மணியடிக்கிறார். இப்போது அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கெட்டியாகப் பிடித்துக்கொண்டாயா?