ஸ்பிரிங்ஃபீல்டு இந்தியன்ஸ்: ஒரு கஞ்ச முதலாளியும் ஒரு சங்கமும்

ஸ்பிரிங்ஃபீல்டு இந்தியன்ஸ் என்றதும் நம்ம ஊர்க்காரர்கள் அமெரிக்காவில் ஆரம்பித்த கிரிக்கெட் கிளப் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஐஸ் ஹாக்கி அணி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு தொழிற்சாலை நகரம். ‘இந்தியன்’ என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் தயாரித்த கம்பெனி அங்கேதான் இருந்தது. அந்தப் பெயரே அணிக்கும் வந்தது என்பார்கள். கூடைப்பந்து ஆட்டம் 1891-ல் பிறந்ததும் இதே ஊரில்தான். ஆக, விளையாட்டுக்குப் புதிய ஊர் இல்லை.

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. உறைந்த பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பக்கத்துக்கு 6 பேர் ஆடுவார்கள். பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற தட்டையான ரப்பர் வட்டு. இடிப்பது, மோதுவது எல்லாம் ஆட்டத்தில் சேர்த்தி. இதில் உச்சம் என்.எச்.எல். என்ற தேசிய ஹாக்கி லீக். அதற்கு ஒரு படி கீழே இருப்பவை மைனர் லீக்குகள். நம்ம இந்திய அணிக்கும் ரஞ்சி டிராபிக்கும் உள்ள உறவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேலே இடம் கிடைக்காதவர்களும், ஒருநாள் கிடைக்கும் என்று காத்திருப்பவர்களும் ஆடும் இடம்.

இந்தியன்ஸ் அணி 1926-ல் ஆரம்பித்தது. கனடியன்-அமெரிக்கன் லீக் என்று 5 அணிகளோடு ஒரு லீக் அந்த வருடம் தொடங்கியபோது அதில் இதுவும் ஒன்று. அந்த லீக்தான் 1936-ல் வேறொரு லீக்குடன் சேர்ந்து, பின்னால் ‘அமெரிக்கன் ஹாக்கி லீக்’ ஆனது. ஆரம்ப காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆடினார்கள், தோற்றார்கள், ஜெயித்தார்கள், நடுவில் பணமில்லாமல் கொஞ்ச காலம் கடையையும் மூடினார்கள். நிஜக் கதை 1939-ல்தான் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் எடி ஷோர் என்ற மனிதர் 42,000 டாலர் கொடுத்து இந்த அணியை வாங்கினார்.

யார் இந்த எடி ஷோர்? பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். என்.எச்.எல்.லின் சிறந்த வீரருக்கான ஹார்ட் டிராபியை 4 முறை வாங்கியவர். தடுப்பாட்டக்காரர் எவரும் அத்தனை முறை வாங்கியதில்லை. முரட்டு ஆள். 1933 டிசம்பரில் அவர் பின்னாலிருந்து இடித்ததில் டொராண்டோ வீரர் ஏஸ் பெய்லி மண்டை உடைந்து சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். பெய்லியின் ஆட்டம் அன்றோடு முடிந்தது. 1977-ல் வந்த ‘ஸ்லாப் ஷாட்’ படத்தில், அந்தக் காலத்து ஆட்டம் என்றாலே எடி ஷோர் என்கிற மாதிரி அவர் பெயரைச் சொல்வார்கள்.

அவரைப் பற்றி இன்னொரு கதை. 1929 ஜனவரியில் பாஸ்டன் அணி மாண்ட்ரீல் கிளம்பிய ரயிலை ஷோர் தவற விட்டுவிட்டார். பனிப்புயல் வேறு. ஒரு காரைப் பிடித்து ராத்திரி முழுக்க மலைப்பாதையில் தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கை விறைத்துப்போய் வந்த மனிதர் அன்றைக்குக் களத்தில் இறங்கி, ஆட்டத்தின் ஒரே கோலையும் அடித்தார். 1-0. இதற்குப் பிறகும் ரயிலைத் தவற விட்டதற்காக அவருக்கு அபராதம் போட்டார்களாம்! இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தன்னால் முடிந்தது எல்லாருக்கும் முடியும் என்று நினைக்கும் ஆள் முதலாளியானால் என்ன ஆகும் என்பதுதான் மிச்சக் கதை.

முதலாளி ஆனதும் ஷோர் சும்மா உட்காரவில்லை. அவரே ஆடினார், அவரே கோச், அவரே மேனேஜர். 1939-40 சீசனில் பாஸ்டன், நியூயார்க் அமெரிக்கன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு என்று 3 அணிகளுக்கு ஆடினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் அந்த ஊர் அரங்கத்தை எடுத்துக்கொண்டது. ஷோர் வீரர்களோடு பஃபலோவுக்குப் போனார். அங்கே பைசன்ஸ் அணியை நடத்தி 1943, 1944 இரண்டு வருடமும் லீக்கின் கால்டர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். போர் முடிந்து 1946-ல் மறுபடி ஸ்பிரிங்ஃபீல்டு. 1951 முதல் 1954 வரை அணியைச் சிராக்யூஸ் நகருக்குத் தூக்கிப் போனார், சரிப்படாமல் திரும்பி வந்தார். பிறகு 1960, 1961, 1962 என்று தொடர்ந்து 3 கால்டர் கோப்பைகள். அந்த லீக்கில் வேறு எந்த அணியும் ஹாட்ரிக் அடித்ததில்லை.

ஆக, திறமை இல்லாத முதலாளி என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் குறைவு. ஸ்கேட் செய்யும்போது முழங்கால் எப்படி மடங்க வேண்டும், கால்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி வேண்டும் என்று அங்குலக் கணக்கில் சொல்லிக் கொடுப்பார். அவரிடம் படித்தவர்களில் பலர் பின்னால் நல்ல கோச்சானார்கள்.

ஆனால் படிப்புக்குக் கொடுத்த ஃபீஸ் அதிகம். கோல்கீப்பர் பனியில் விழுந்து தடுப்பது ஷோருக்குப் பிடிக்காது. அதற்காகப் பயிற்சியின்போது கோல்கீப்பரின் கழுத்தில் கயிறு போட்டு மேல் கம்பத்தில் கட்டினார் என்று பழைய வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். கால் லாவகம் வர வேண்டும் என்று ஹோட்டல் முன்கூடத்தில் டேப் டான்ஸ் ஆடச் சொன்னார். சிரிப்பு வரும்தான். சம்பளக் கவரைப் பிரிக்கும்போது வீரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாக ஆடவில்லை என்றால் அபராதம். எது சரி என்று தீர்மானிப்பவரும் அபராதத்தை வாங்கிக்கொள்பவரும் ஒரே ஆள்!

இன்னொரு ஏற்பாடு இருந்தது. காயம்பட்டவர்கள், அணியில் இடம் கிடைக்காதவர்கள், ஷோரின் கோபத்துக்கு ஆளானவர்கள் எல்லாரையும் ‘பிளாக் ஏசஸ்’ என்பார்கள். சம்பளம் வாங்குகிறாயே, சும்மா ஏன் இருக்கிறாய் என்று அவர்களுக்கு அரங்கத்தில் வேலை கொடுத்துவிடுவார். பாப்கார்ன் போடுவது, பல்பு மாற்றுவது, நாற்காலிக்குப் பெயிண்ட் அடிப்பது, ஐஸ் ஷோ வந்தால் பலூன் ஊதுவது. இன்றைக்கும் என்.எச்.எல். அணிகள் பிளே-ஆஃப் சமயத்தில் கூடவே வைத்துக்கொள்ளும் உபரி வீரர்களை ‘பிளாக் ஏசஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. பின்னால் பாஸ்டன் கோச்சாகவும் டி.வி.யிலும் புகழ்பெற்ற டான் செர்ரிகூட ஷோரிடம் மாட்டிக்கொண்டு ஆடியவர்தான்.

இவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே?

இங்கேதான் காமர்ஸ் பாடம் வருகிறது. அப்போது என்.எச்.எல்.லில் இருந்ததே 6 அணிகள். ஆளுக்கு 20 பேர் என்றால் உலகத்திலேயே உச்சத்தில் ஏறக்குறைய 120 வேலைகள். ஒரு வீரர் ஓர் அணியோடு கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் மேல் உரிமை அந்த அணிக்கே. அணி விட்டால்தான் அவர் வெளியே போக முடியும். மற்ற முதலாளிகளும் அவரைத் தொட மாட்டார்கள். விற்பவர் ஒருவரே இருந்தால் மோனோபலி என்று படிக்கிறோம். வாங்குபவர் ஒருவரே இருந்தால் மொனாப்சனி. ஸ்பிரிங்ஃபீல்டு வீரனுக்கு அந்த ஒரே வாங்குபவர் எடி ஷோர். பதினேழு பதினெட்டு வயதில் படிப்பை விட்டுவிட்டுக் கனடாவின் சின்ன ஊர்களிலிருந்து வந்த பையன்களுக்கு வேறு கைத்தொழிலும் தெரியாது.

சங்கம் வைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1957-ல் டெட் லிண்ட்சே என்ற பெரிய நட்சத்திரம் என்.எச்.எல். வீரர்களை ஒன்று சேர்த்தார். டெட்ராய்ட் அணி நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அதே வருடம் அவரைக் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோவுக்குத் தள்ளிவிட்டது. சங்கமும் கலைந்தது. லிண்ட்சேக்கே இந்தக் கதி என்றால் மைனர் லீக் ஆட்கள் எம்மாத்திரம்?

ஆனால் பூனைக்கு மணி கட்டியது அந்த மைனர் லீக் ஆட்கள்தான். 1966 டிசம்பரில் ஷோர் 3 தடுப்பாட்டக்காரர்களைச் சம்பளம் இல்லாமல் சஸ்பெண்ட் செய்தார். பில் ஒயிட், டேல் ரோல்ஃப், டேவ் அமாடியோ. குற்றம்? ஈடுபாடு இல்லாமல் ஆடினார்களாம். அவர்கள் திரும்பி வராமல் நாங்கள் ஆட மாட்டோம் என்று மற்றவர்கள் மொத்தமாகச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் ஒவ்வொருவராகத் தனித்தனியே அடி வாங்கியவர்கள் அன்றைக்குத்தான் ஒன்றாக நின்றார்கள்.

முன்னால் நின்றவர் பிரையன் கில்ரியா. 32 வயது. மேலே போய் ஒரே ஒரு என்.எச்.எல். ஆட்டம் ஆடிவிட்டுக் கீழேயே வருடக்கணக்காகக் கிடந்தவர். இழந்தால் எல்லாம் இழந்த மாதிரிதான். அவர்கள் டொராண்டோவில் இருந்த ஆலன் ஈகிள்சன் என்ற இளம் வக்கீலைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். பாபி ஓர் என்ற 18 வயதுப் பையனுக்கு அந்த வருடம்தான் பாஸ்டனிடம் பெரிய ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்துப் பேர் வாங்கியிருந்தார் அந்த வக்கீல். வந்தார், வீரர்களிடம் நடந்ததையெல்லாம் சத்தியப் பிரமாணமாக எழுதி வாங்கினார். அபராதம், பாப்கார்ன், பலூன் எல்லாம் காகிதத்தில் ஏறியது. பேச்சுவார்த்தை, மறுபடி தகராறு, மறுபடி பேச்சுவார்த்தை. 1967 தொடக்கத்தில் ஷோர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். உடல்நிலை காரணம் என்று சொன்னார்கள். (இப்படிப்பட்ட நேரத்தில் உடல்நிலை எப்போதும் கை கொடுக்கும்!)

எடி ஷோரையே அசைக்க முடியும் என்றால் யாரைத்தான் அசைக்க முடியாது? செய்தி மேலே பரவியது. 1967 ஜூனில் என்.எச்.எல். வீரர்கள் சங்கம் உருவானது. பாப் புல்ஃபோர்டு தலைவர், ஈகிள்சன் நிர்வாக இயக்குநர். லிண்ட்சேயால் 10 வருடம் முன்பு முடியாததற்கு, கீழ்ப்படியில் நின்ற ஓர் அணி வழி திறந்துவிட்டது. அதே வருடம் என்.எச்.எல். 6 அணியிலிருந்து 12 அணி ஆனதும் உதவியது. திடீரென்று வேலைகள் இரட்டிப்பாகிவிட்டால் தொழிலாளி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம் அல்லவா?

புதிதாக வந்த லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு வீரர்களை அவர்கள் எடுத்துக்கொள்ள, அணியின் பெயரும் ஸ்பிரிங்ஃபீல்டு கிங்ஸ் ஆனது. 1967 அக்டோபர் 14 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவர் யார் தெரியுமா? பிரையன் கில்ரியா! மேலே அவர் மொத்தம் ஆடியது 26 ஆட்டங்கள்தான். ஆனால் பின்னாளில் ஒட்டாவா 67’ஸ் ஜூனியர் அணியின் கோச்சாக ஆயிரத்துக்கு மேல் வெற்றி பெற்று 2003-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். சஸ்பெண்ட் ஆன பில் ஒயிட்? ‘ஈடுபாடு இல்லாத’ அந்த மனிதர் 1972-ல் சோவியத் யூனியனுக்கு எதிரான புகழ்பெற்ற தொடரில் கனடாவுக்காக ஆடினார்.

ஈகிள்சன் கதைதான் கசப்பு. சங்கத்தை 25 வருடம் போல் கையில் வைத்திருந்தார். வீரர்களின் ஏஜென்டும் அவரே, சங்கத் தலைமையும் அவரே, சர்வதேசப் போட்டிகளை நடத்துபவரும் அவரே. தீர்ப்புச் சொல்பவரும் அபராதம் வாங்குபவரும் ஒருவரே என்ற ஷோரின் ஏற்பாடு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி. கார்ல் பிரூவர் போன்ற பழைய வீரர்கள் பென்ஷன் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். மாசசூசெட்ஸிலேயே லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகையாளர் ரஸ் கான்வே 1991 முதல் தோண்டித் தோண்டி எழுதினார். 1998-ல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஹால் ஆஃப் ஃபேமிலிருந்தும் விலக வேண்டியதாயிற்று.

அணிக்கு வருவோம். கிங்ஸ் என்ற பெயரில் 1971-ல் ஒரு கோப்பை. பின்னால் நியூயார்க் ஐலண்டர்ஸில் பெரிய ஆளான கோல்கீப்பர் பில்லி ஸ்மித் அந்த அணியில் இருந்தார். 1974-75 சீசனின் நடுவில் ஷோர் அணியைத் திரும்ப எடுத்து, பழைய பெயரையும் வைத்தார். அந்த சீசனிலேயே கோப்பை! 1976-ல் விற்றுவிட்டார். 1985-ல் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இறந்தார். இந்தியன்ஸ் 1990-ல் ஐலண்டர்ஸின் கிளை அணியாகவும், அடுத்த வருடமே ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸின் கிளை அணியாகவும் கோப்பை வாங்கியது. தாய் அணி மாறியும் கோச் ஜிம் ராபர்ட்ஸ் மாறவில்லை.

1994-ல் அணியை விற்று வூஸ்டர் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்பு இதே ஊருக்குக் கோல்கீப்பராக ஆடிய புரூஸ் லாண்டன் ஓடியாடி ஃபால்கன்ஸ் என்ற புது அணியை உடனே கொண்டுவந்தார். அதுவும் 2016-ல் அரிசோனாவுக்குப் போனது. அதே வருடம் தண்டர்பேர்ட்ஸ் வந்தது. ஒரு சீசன்கூட ஊர் காலியாக இருக்கவில்லை. 2022-ல் அந்த தண்டர்பேர்ட்ஸ் இறுதிப் போட்டி வரை போய்ச் சிகாகோ வுல்வ்ஸிடம் தோற்றது.

அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு ஒரு விருது உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு வீரர்கள் பலூன் ஊதிக்கொண்டிருந்த 1950-களின் கடைசியில் ஆரம்பித்தது, இப்போதும் கொடுக்கிறார்கள். பெயர், எடி ஷோர் விருது.