66 டாலர் கணக்கு

கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த வேலையின் தடயம் ஆர்.என்.ஏ. 2008 வாக்கில் அதைத் துண்டு துண்டாகப் படிக்கும் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் வந்ததும் கோடிக்கணக்கில் துண்டுகள் குவிந்தன. ஒவ்வொன்றும் எந்த மரபணுவுடையது என்று தேட, சாதாரண ஆய்வகத்துக் கம்ப்யூட்டர் எங்கே போதும்?

அமேசான் 2006லேயே சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தது. 2010இல் பென் லாங்மீட், காஸ்பர் ஹான்சன், ஜெஃப் லீக் மூவரும் ‘மிர்னா’ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். வேலையைக் கூறு போட்டு, பல சர்வர்களுக்கு ஒரே சமயத்தில் கொடுக்கும் ஏற்பாடு. 110 கோடி துண்டுகள், இரண்டு மணி நேரத்துக்குள், சுமார் 66 டாலர் செலவில் முடிந்தன.

பலரும் இந்த விலையோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. அந்தத் தரவு நைஜீரியாவின் யோருபா மக்கள் 69 பேருடையது. அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குழுவாகப் பிரித்தால், குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியக் கூடாது. ஆனால் அப்போது புழக்கத்தில் இருந்த பாய்சான் சூத்திரம் இல்லாத வேறுபாடுகளைக் காட்டியது. ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கத்தை அது கணக்கில் எடுக்கவில்லை.

அப்படிப்பட்ட பொய் வேறுபாட்டை நம்பி ஒரு நோயின் காரணத்தைத் தேடிப் போனால், வருஷங்கள் வீண். தப்பான சூத்திரமும் இரண்டு மணி நேரத்தில் ஓடி முடிந்துவிடும். மேகம் அதைத் தடுக்காது. ஆனால் மறுபடி ஓட்டிச் சரிபார்ப்பது மலிவாகிவிட்டது. சந்தேகப்படுவதற்கு இனி பெரிய பட்ஜெட் வேண்டாம்.