ரம்பம் பாடிய ஆல்பம்

இண்டி ராக் கேட்பவர்கள் அந்த அட்டைப் படத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். கடலில் குளிக்க இறங்கியவர்களில் ஒரு பெண் கையை உயர்த்தி நிற்கிறாள். அவளுக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மேளத்தோல் போல ஒரு வட்டம். 1998 பிப்ரவரி 10 அன்று வெளிவந்த 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' ஆல்பத்தின் அட்டை அது. நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற குழுவின் இரண்டாவது ஆல்பம். குழு என்றாலும், எழுதி, மெட்டமைத்து, தொண்டை கிழியப் பாடியவர் ஜெஃப் மேங்கம் என்ற 27 வயது இளைஞர். பாட்டும் குரலும் கிட்டாரும் அவருடையவை. இந்த ஆல்பத்தில் நாம் கேட்கும் மற்ற பலவும் பல நாடுகள் சுற்றி, பல கைகள் மாறி அவரிடம் வந்து சேர்ந்தவை. அவற்றில் ஒன்று தச்சுப் பட்டறையிலிருந்து புறப்பட்டது.

மரம் அறுக்கும் கைரம்பத்தை வளைத்துத் தட்டினால் அது பாடும் என்று முதலில் கண்டுகொண்டவர் யார் என்பதற்குப் பதிவு இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளி ஒருவராக இருக்கலாம். வாசிக்கும் முறை எளிமையாகத் தோன்றும், பழகுவதோ கடினம். உட்கார்ந்துகொண்டு கைப்பிடியை இரு தொடைகளுக்கு நடுவில் இறுக்க வேண்டும். இடக்கையால் நுனியைப் பிடித்து, தகட்டை ஒரே திசையில் வளைக்காமல், பாம்பு நெளிவதைப் போல இரட்டை வளைவாக வளைக்க வேண்டும். பிறகு பல் இல்லாத விளிம்பில் வயலின் வில்லை இழுக்க வேண்டும். ஒரு வளைவு முடிந்து மறுவளைவு தொடங்கும் அந்தச் சிறிய இடத்தில்தான் சுரம் பிறக்கிறது. வளைவு கூடினால் சுரம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். தந்தியும் இல்லை, மெட்டும் இல்லை. காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ வழியில்லை, வழுக்கித்தான் போக வேண்டும். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அந்த வழுக்கல் புதிதல்ல.

அமெரிக்காவின் வாட்வில் என்ற பல்சுவை மேடைகளில் ரம்பம் ஒரு வேடிக்கை உருப்படியாக வலம்வந்தது. அப்படி ஒரு வாசிப்பைக் கேட்ட கிளாரன்ஸ் மஸ்ஸல் என்பவர் அதில் ஒரு வியாபாரத்தைக் கண்டார். விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபோர்ட் அட்கின்சன் என்ற சிற்றூரிலிருந்து, வாசிப்பதற்கென்றே செய்த ரம்பங்களை 1920களின் தொடக்கம் முதல் தபாலில் விற்றார். அடுத்த பத்தாண்டுகளில் பல்லாயிரம் வீடுகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் ரம்பம் பாடிக்கொண்டிருந்தது. 1927இல் வியன்னாவில் 'கஃபே எலெக்ட்ரிக்' என்ற மௌனப்படத்தின் படப்பிடிப்பில் இகோ சிம் என்ற நடிகர், உடன் நடித்த மார்லீன் டீட்ரிச்சுக்கு ரம்பம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு போர் வந்தது. இகோ சிம் வார்சாவில் நாஜிகளுக்குத் துணைபோனார். 1941 மார்ச்சில் போலந்தின் தலைமறைவு இயக்கத்தினர் அவரைச் சுட்டுக்கொன்றனர். மாணவி எதிர்ப்பக்கம் நின்றார். ஹிட்லரின் ஜெர்மனியை உதறிவிட்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்ற டீட்ரிச், நேச நாட்டுப் படைவீரர்களுக்கு முன்னால் அதே வித்தையை வாசித்துக் காட்டினார். இந்த ஒரு கதைக்காகவே ரம்பத்தின் வரலாற்றை யாராவது தனி நூலாக எழுத வேண்டும்.

மேங்கத்தின் ஆல்பத்தில் வந்து கலக்கும் இன்னும் இரண்டு பொருள்கள் அந்தப் போரின் வழியே வந்தவை. ஒன்று, ஒரு சிறுமியின் டைரி. 1942 ஜூன் 12 அன்று, தன் 13ஆம் பிறந்தநாளில், ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்குக்குக் கட்டம்போட்ட அட்டை கொண்ட ஒரு குறிப்பேடு கிடைத்தது. அடுத்த மாதமே குடும்பம் தலைமறைவானது. 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். தரையில் சிதறிக்கிடந்த தாள்களை, அவர்களுக்கு உதவிவந்த மீப் ஹீஸும் பெப் வோஸ்கெய்லும் பொறுக்கியெடுத்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமலேயே மேசையறைக்குள் வைத்துப் பாதுகாத்தார். ஆன் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனாள். குடும்பத்தில் தந்தை ஒருவர் மட்டுமே உயிரோடு திரும்பினார். 1947இல் டைரி புத்தகமானபோது அச்சிட்டவை 3,000 பிரதிகளுக்குச் சற்றே அதிகம். கடல்கடந்து அமெரிக்கா போனது ஒரு தற்செயலால்தான். பாரிஸில் டபிள்டே பதிப்பகத்தின் அலுவலகத்தில், திருப்பி அனுப்ப வேண்டியவை என்று ஒதுக்கப்பட்ட குவியலில் அதன் பிரெஞ்சுப் பதிப்பு கிடந்தது. அட்டையிலிருந்த முகத்தைப் பார்த்து எடுத்த ஜூடித் ஜோன்ஸ் என்ற இளம் ஊழியர் கீழே வைக்காமல் படித்து முடித்தார். இதை நியூயார்க்குக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நின்றார். 1952இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது.

இன்னொன்று, ஒலிநாடா. போரின்போது இங்கிலாந்தில் பணியிலிருந்த ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படைப்பொறியாளர் இரவுகளில் ஜெர்மன் வானொலி கேட்பார். நள்ளிரவு தாண்டியும் முழு ஆர்க்கெஸ்ட்ரா ஒலிக்கும். இசைத்தட்டுக்குரிய கீறல் சத்தமே இருக்காது. இந்த நேரத்தில் யார் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்? 1945இல் ஃபிராங்க்பர்ட் அருகே பாட் நௌஹைம் வானொலி நிலையத்தில் விடை கிடைத்தது: மேக்னட்டோஃபோன் என்ற நாடா இயந்திரம். இரண்டு இயந்திரங்களைப் பிரித்து, துண்டுதுண்டாக அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார். ஊர் திரும்பி அவற்றைப் பூட்டி இயக்கிக் காட்டியதும், நேரடி ஒலிபரப்பில் சலித்திருந்த பாடகர் பிங் கிராஸ்பி தாவிப் பிடித்துக்கொண்டார். ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் ஜெர்மன் இயந்திரத்தைப் பார்த்துத் தன்னுடையதைச் செய்தது. கிராஸ்பி அதற்கு 50,000 டாலர் கொடுத்தார். பிறகு தன் நண்பர், கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்கும் ஓர் இயந்திரம் வாங்கிக்கொடுத்தார். லெஸ் பால் அதில் தன் வாசிப்பின்மேல் தன் வாசிப்பையே அடுக்கினார். ஓர் ஆள் ஒரு குழுவாக ஒலிக்கும் வித்தை இப்படித்தான் பரவியது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் நாடாவைச் சட்டைப்பைக்குள் அடங்கும் கேசட்டாக்கியது. 1979இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் கேசட் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்டுடியோ படுக்கையறைக்குள் நுழைந்தது.

அந்தப் படுக்கையறைகளில் சில, லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் என்ற கல்லூரி ஊரில் இருந்தன. மேங்கம், ராபர்ட் ஷ்னைடர், வில் கலன் ஹார்ட், பில் டாஸ் என்ற பள்ளிக்கால நண்பர்கள் பாட்டுகளைப் பதிந்து, கையால் அட்டை வரைந்து, ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொண்டார்கள். கேட்க ஆள் இருந்தால் அது இன்னொரு நண்பன்தான். எலிஃபண்ட் 6 என்று தங்கள் கூட்டுக்குப் பெயர் வைத்தார்கள். 1996இல் வட கரோலினாவின் மெர்ஜ் நிறுவனம் மேங்கத்தின் முதல் ஆல்பமான 'ஆன் ஏவரி ஐலண்ட்'டை வெளியிட்டது. சில ஆயிரம் பேர் வாங்கினார்கள்.

முதல் ஆல்பத்தின் வேலை முடிந்திருந்த நேரத்தில் மேங்கம் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தார். ஆன் ஃபிராங்கின் டைரி கண்ணில் பட்டது. பாரிஸ் குவியலிலிருந்து தப்பிய அந்தப் புத்தகம், அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கக் கடையொன்றின் அலமாரியில் அவருக்காகக் காத்திருந்தது. இரண்டு நாளில் படித்து முடித்தார், நாட்கணக்கில் அழுதார். அதை 1998இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். காலத்தில் பின்னோக்கிப் போய் அந்தச் சிறுமியைக் காப்பாற்ற முடியாதா என்ற தவிப்பு கனவுகளாக வந்தது, கனவுகள் பாட்டுகளாயின. முகம் தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு அழுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படித்துவிட்டு அசையாமல் இருக்கும் வாசகருக்காக அந்தக் குழந்தை எழுதவில்லை.

1997 கோடையில் நண்பர்கள் டென்வரில் கூடினார்கள். ஷ்னைடர் அங்கே ஒரு வீட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பீச் பாய்ஸ் குழுவின் ஆல்பத்தின் நினைவாக அதற்குப் 'பெட் சவுண்ட்ஸ்' என்று பெயர். ஸ்காட் ஸ்பிலேன் பீட்சா கடை வேலையை விட்டுவிட்டு வந்து ஊதுகருவிகளை ஏற்றார். ஜெரமி பார்ன்ஸ் டிரம்ஸ். லாரா கார்ட்டர் ஊதியது கேசியோ நிறுவனம் 1980களில் விற்ற பிளாஸ்டிக் மின்கொம்பு. ரம்பத்தைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டவர் ஜூலியன் கோஸ்டர். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில், மேங்கத்தின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் வார்த்தையில்லாமல் பாடுவதுபோலக் கேட்கிறதே, அது கோஸ்டரின் ரம்பம்தான்.

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் இதில் இரும்பைப்போல உறுமுவதற்கு ஒலியை மாற்றும் எந்தப் பெடலும் காரணமில்லை. மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கருவி தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றி, அது உடையும் இடத்திலேயே பதிந்தார் ஷ்னைடர். ஒலிப்பதிவுப் பள்ளியில் தவறு என்று சொல்லித்தருவதை வேண்டுமென்றே செய்தார். இன்னொன்று திட்டமிடாமல் வாய்த்தது. 'ஓ கம்லி' என்ற பாட்டைத் தொடங்கும்போது ஒலியளவு சரிபார்க்கக் கொஞ்சம் பாடினால் போதும் என்றுதான் இருந்தார்கள். மேங்கம் நிறுத்தவே இல்லை. எட்டு நிமிடத்துக்கும் மேலாக ஒரே மூச்சில் பாடி முடித்தார். ஆல்பத்தில் இருப்பது அந்தச் சோதனைப் பதிவுதான். பாட்டு முடியும் இடத்தில், திகைத்துப்போன நண்பர் ஒருவர் கத்துவதும் பதிவாகியிருக்கிறது. கேட்டுப்பாருங்கள், மெல்லியதாகத் தெரியும்.

அட்டைக்கு மேங்கம் கொண்டுபோனதும் பழைய பொருள்தான்: ஐரோப்பியக் கடற்கரை ஒன்றின் பழங்கால அஞ்சலட்டை. ஆர்.இ.எம். குழுவின் வடிவமைப்பாளர் கிறிஸ் பில்ஹைமர் அதை வெட்டி, பெண்ணின் முகத்தில் அந்த வட்டத்தை ஒட்டினார்.

மெர்ஜ் முதலில் தயாரித்தது 5,500 சிடிகளும் 1,600 எல்.பி. இசைத்தட்டுகளும். டைரியின் முதல் பதிப்பைப் போலவே, வெளியிட்டவர்களுக்குப் பெரிய கனவு எதுவும் இல்லை. ரோலிங் ஸ்டோன் இதழ் மூன்று நட்சத்திரம் கொடுத்தது, பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் பத்துக்கு 8.7. குழு ஆண்டு முழுவதும் ஊர் ஊராக வாசித்தது. ரசிகர்கள் கூடக்கூட, பாட்டுக்குப் பொருள் சொல்லுங்கள் என்ற கேள்விகளும் கூடின. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்க மேங்கத்தால் முடியவில்லை. அந்த ஆண்டோடு மேடையை விட்டு விலகினார். 2000இல் பல்கேரியாவின் கோப்ரிவ்ஷ்டிட்சா நாட்டுப்புற விழாவுக்குப் போய், அங்கே கேட்டவற்றைப் பதிந்துவந்து அடுத்த ஆண்டு ஓர் ஆல்பமாக வெளியிட்டார். அதில் அவருடைய பாட்டு ஒன்றுகூட இல்லை.

அவர் ஒதுங்கிய பிறகுதான் ஆல்பத்தின் பயணம் சூடு பிடித்தது. சிடிகள் நகலெடுக்கப்பட்டன, எம்பி3 கோப்புகளாகி விடுதி அறைகளுக்குள் புகுந்தன. அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான், தோழி தோழிக்குக் கொடுத்தாள். ரஸ்டனில் நான்கு நண்பர்கள் செய்ததையே இப்போது முகமறியாதவர்கள் செய்தார்கள். மெர்ஜ் நிறுவனத்தில் தாங்கள் சேர்ந்ததற்கு இந்த ஆல்பமும் ஒரு காரணம் என்று கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழு சொன்னது. அவர்களுடைய 2004 ஆல்பமான 'ஃப்யூனரல்' மெர்ஜையே வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. பெய்ரூட் என்ற பெயரில் பால்கன் ஊதுகருவிகளோடு பாடவந்த ஜாக் கான்டனின் முதல் ஆல்பத்தில் வாசித்து உதவியவர் அதே ஜெரமி பார்ன்ஸ். 2005இல் மேங்கத்தின் ஆல்பம் மறுவெளியீடானபோது பிட்ச்ஃபோர்க் 8.7ஐ மறந்து பத்துக்குப் பத்து போட்டது. அதே ஆண்டு கிம் கூப்பர் இந்த ஒரே ஆல்பத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். 2008இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற எல்.பி.களில் இது ஆறாவது. அப்போது அதற்கு வயது பத்து. விளம்பரம் இல்லை, பாடகர் கண்ணிலேயே படவில்லை. மதிப்பெண் போட்டவர்களைவிடப் பிரதி எடுத்துக் கொடுத்தவர்களே இதன் உண்மையான விமர்சகர்கள் என்பேன்.

மேங்கம் 2010 முதல் மெல்ல மேடைக்குத் திரும்பினார். 2011இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்களுக்காகத் தனியாக வந்து பாடினார். 2013 முதல் 2015 வரை பழைய குழுவோடு உலகம் சுற்றினார். அரங்குகளில் படமோ வீடியோவோ எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 2023இல் மெர்ஜ் குழுவின் பதிவுகளைத் தொகுத்து ஒரு பெட்டியாக வெளியிட்டது. மூன்றாவது ஆல்பம் இன்றுவரை வரவில்லை.

வராததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நாற்பது நிமிடம் ஒதுக்கி இதைக் கேளுங்கள். ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலை ஒட்டியிருப்பதால் வரிசையைக் கலைக்காதீர்கள். முடிந்தால் அதற்கு முன் ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்துவிடுங்கள்; அது தமிழிலும் கிடைக்கிறது.