வில்லியனூர் இரயில் நிலையம்

புதுச்சேரி நகரத்திற்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றையொட்டிய வில்லியனூரில் உள்ள இந்நிலையம், விழுப்புரத்திலிருந்து பிரிந்து கடற்கரை நோக்கிச் செல்லும் 38 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதையில் புதுச்சேரிக்கு முந்தியதாகும். வளவனூரும் சின்னபாபுசமுத்திரமும் இதற்கு மேற்கிலுள்ள நிலையங்கள்.

தினந்தோறும் வேலைக்கும் கல்விக்கும் நகரம் சென்று திரும்புவோரை உத்தேசித்து இப்பாதை அமைக்கப்பட்டதன்று. அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் துறைமுகத்திற்கு உள்நாட்டு விளைபொருள் வந்து சேர வேண்டும் என்பதே அதன் பிரதான நோக்கம். தென்னார்க்காட்டு வயல்களில் விளைந்த நிலக்கடலை மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய காலம் அது. இங்கிலாந்தில் பதிவான ஒரு கம்பெனி பிரெஞ்சு நிலத்தில் தண்டவாளமிட, தென்னிந்திய இரயில்வேயார் அதில் வண்டியோட்ட, 1879ஆம் ஆண்டு மீட்டர் பாதையில் போக்குவரத்து தொடங்கிற்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் பகைமை பாராட்டிய இரு ராஜ்யங்கள் இங்கே வியாபார லாபத்தை முன்னிட்டு ஒரே தண்டவாளத்திற்கு உடன்பட்டது வேடிக்கையானதே.

வில்லியனூரோ இரயிலை எதிர்பார்த்துப் பிறந்த ஊரன்று. திருக்காமீசுவரர் ஆலயத்தின் தேரோட்டத்தில் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. இன்றும் துணைநிலை ஆளுநர்கள் அதைத் தொடர்கின்றனர். இரயில் வருவதற்குச் சற்று முன்னர், 1877இல், லூர்து மாதா ஆலயமும் இங்கே எழுந்தது.

பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேயர் நிலமும் திட்டுத்திட்டாகப் பின்னிக் கிடந்த இப்பிரதேசத்தில், இரயிற் பிரயாணமென்பது ஒரு சர்க்காரின் ஆளுகையிலிருந்து மற்றொன்றின் ஆளுகைக்குள் நுழைவதாகவே இருந்தது. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949இல் முடிவுற்றபின் எல்லையில் சுங்கக் கெடுபிடி மிகுந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் வாக்களித்து இந்தியாவுடன் இணையத் தீர்மானித்ததும், நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியதும், அந்த எல்லை அதிகாரிகளுக்கு வேலையில்லாமற் செய்தன. சட்டபூர்வமான இணைப்பு 1962இல் நிறைவேறிற்று.

துறைமுக வியாபாரம் க்ஷீணித்தபின் பாதைக்குப் பிரயாணிகளே ஆதாரமாயினர். எனினும் நினைத்த நேரத்தில் கிடைக்கும் பேருந்தோடு, நாளொன்றுக்குச் சில தடவையே வரும் வண்டி போட்டியிடுவது எங்ஙனம்? 2004இல் அகலப்பாதையும் பின்னர் மின்சாரமும் வந்தன. ஆயினும் கிராமப் பயணிக்கு வேண்டிய அடிக்கடி வரும் வண்டிகள் வரவில்லை என்பதே நமது அபிப்பிராயம். காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற திருக்கனூர் இப்பாதைக்கு வடக்கே தள்ளியிருப்பதால், அவ்வூராருக்கு இரயிலின் பிரயோஜனம் இன்னும் சொற்பமே. அவர்கள் பேருந்தில் வில்லியனூர் வரை வந்துவிட்டால், அங்கே இறங்கி வண்டிக்குக் காத்திராமல், அதே பேருந்தில் நகரம் போய்ச் சேர்கின்றனர்.