பிரசவ வார்டில் தேடிவரும் 'இலவச கிஃப்ட்'... வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

குழந்தை பிறந்து அரை நாள்கூட ஆகியிருக்காது. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அப்பா, பில்லிங் கவுன்டருக்கும் ஃபார்மஸிக்கும் அலைந்துகொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து, கழுத்தில் ஐடி கார்டுடன் ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார்.

"கங்கிராட்ஸ் மேடம்! உங்க பாப்பாவுக்கு எங்க கிஃப்ட். போன் நம்பர் மட்டும் சொல்லுங்க..."

பைக்குள் டயப்பர், பேபி சோப், கூடவே ஒரு பால் பவுடர் சாம்பிள். 'சும்மாதானே தர்றாங்க' என்று வாங்கி வைப்போம். ஆனால், அந்த பால் பவுடர் சட்டப்படி உங்கள் கைக்கே வந்திருக்கக் கூடாது!

சட்டம் என்ன சொல்லுது?

1970-களில் ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு, நர்ஸ் போல உடையணிந்த விற்பனைப் பெண்களை பால் பவுடர் கம்பெனிகள் அனுப்பின. அதற்குக் கிளம்பிய எதிர்ப்பால், 1981-ல் உலக சுகாதார சபை இதற்கென சர்வதேச விதிமுறைகளை ஏற்றது. இந்தியா 1992-ல் தனிச் சட்டமே போட்டது. 2003-ல் அது இன்னும் கடுமையானது.

* 2 வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், டின் உணவு, ஃபீடிங் பாட்டில் எதையும் விளம்பரம் செய்யக் கூடாது.

* இவற்றை விற்பதற்காக சாம்பிள், கிஃப்ட் தரக் கூடாது. கர்ப்பிணியையோ தாயையோ கம்பெனி தொடர்புகொள்வதே தவறு.

* மருத்துவமனையில் போஸ்டர் ஒட்டக் கூடாது. டாக்டர், நர்ஸுக்குப் பரிசு தரக் கூடாது.

மீறினால் 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு சாம்பிள் என்ன பண்ணிடும்?

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் சுரக்கும். முதல் சில நாள்களில் வரும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும். 'பால் பத்தலை போல' என்று பயந்து பவுடரைக் கரைத்துக் கொடுத்தால், குழந்தை அம்மாவிடம் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். சாம்பிள் தீரும்போது அடுத்த டப்பாவை காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

மருத்துவக் காரணங்களால் பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அதில் அம்மாக்கள் குற்றவுணர்ச்சி கொள்ள எதுவுமில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்.

சட்டத்தில் சிக்காதவை

டயப்பர், சோப், தொப்புள்கொடி ரத்த வங்கி எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வராது. குழந்தையின் சொந்த எதிர்காலத் தேவைக்காக தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-லேயே சொல்லிவிட்டது. பிரசவ டென்ஷனில் கையெழுத்து போட்டுவிடாதீர்கள்.

போன் நம்பரும் அப்படித்தான். இங்கிலாந்தில் புதுத் தாய்மார்களுக்கு இலவசப் பை கொடுத்துவந்த 'பவுன்டி' நிறுவனம், மருத்துவமனைப் படுக்கை அருகிலேயே தகவல்களைச் சேகரித்தது. 3.4 கோடிக்கும் அதிகமான பதிவுகளை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக, 2019-ல் அதற்கு 4 லட்சம் பவுண்டு அபராதம்.

நீங்க என்ன செய்யலாம்?

* "வேண்டாங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கிறோம்" என்று சொன்னால் போதும். அம்மாவால் முடியாத நேரத்தில் இதை அப்பாவோ பாட்டியோ சொல்லலாம்.

* நம்பர், பிறந்த தேதி எதுவும் தர வேண்டாம்.

* பால் பவுடர் சாம்பிள் தந்தால் போட்டோ எடுத்து, மருத்துவமனை நிர்வாகத்திடம் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் புகார் தொடுக்க அதிகாரம் பெற்ற பி.பி.என்.ஐ அமைப்புக்கும் தெரிவிக்கலாம்.