அய்யனார் கோயில் ஆத்துல ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க!

மழை பெஞ்சா ராஜபாளையத்துக்காரங்க அய்யனார் கோயில் ஆத்துக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க செண்பகத்தோப்புக்கும் குளிக்கக் கிளம்பிடுவாங்க. அடுத்த முறை போகும்போது, வனத்துறை அனுமதிக்கிற இடத்துல, ஓடுற தண்ணிக்குள்ள கிடக்கிற ஒரு கல்லை மெதுவாப் புரட்டிப் பாருங்க. முதுகெலும்பே இல்லாத ஒரு கூட்டம் அடியில குடியிருக்கும்.

தட்டையான உடம்பு, பெரும்பாலும் மூணு வால் இழை... அது மேஃபிளை பூச்சியோட இளம்பருவம். வயிற்றோரச் செவுள்களால சுவாசிக்கும். ஆக்ஸிஜன் குறைஞ்சா தாக்குப்பிடிக்கிறது கஷ்டம். பக்கத்துல மணலையும் சருகையும் தன் பட்டுநூலால ஒட்டிக் கூடு கட்டியிருந்தா, அது கேடிஸ் புழு. தும்பியோட குஞ்சுதான் இங்கே ரவுடி! உதட்டை முன்னால நீட்டி இரையைக் கவ்வும். ஆபத்துன்னா பின்பக்கமா தண்ணியைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி பாயும். ஆத்து நண்டுக்குக் கடல் நண்டு போல மிதக்கும் பருவம் கிடையாது. முட்டையிலிருந்தே குட்டி நண்டாத்தான் வெளியே வரும்.

சாக்கடை கலக்குற கண்மாயில இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறது அபூர்வம். அங்கே சேத்துல நெளியறது சிவப்புப் புழுக்கள். நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரி ஹீமோகுளோபின் இருக்கிறதாலதான் அந்தச் சிவப்பு. குறைவான ஆக்ஸிஜன்லயும் சமாளிச்சிடும்.

தண்ணி மேல நடக்குற பூச்சியைப் பார்த்திருப்பீங்க. நீரின் பரப்பு இழுவிசைதான் அதைத் தாங்குது. ஷாம்பூ நுரை கலந்தா அந்த விசை குறைஞ்சு, பூச்சி மூழ்கிடும். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணி தர்ற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போறதும் இந்த ஆத்துத் தண்ணிதான்.

பார்த்து முடிச்சதும், கல்லை இருந்த மாதிரியே வெச்சிடுங்க.